வருவது உரைத்தல்

காலம் மூன்று. இறந்த காலம் நடந்து முடிந்தது. அதற்குச் சான்று உண்டு. நிகழ்காலம் நம் கண்முன் நிற்பது. அதற்கு நாமே சான்று. எதிர்காலமோ இன்னும் பிறவாதது. பிறவாத ஒன்றைப்பற்றிப் பேசும்போது, ‘அது நடக்கும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட இயலாது. எவ்வளவு உறுதியாக நடக்கும் என்பதையும் சேர்த்தே உரைக்க வேண்டியிருக்கிறது. ஐயமறத் தெரிந்ததை ஒருவகையாகவும், ஓரளவு எதிர்பார்ப்பதை மற்றொரு வகையாகவும், நடந்தாலும் நடக்கும் என்ற நிலையில் உள்ளதை வேறொரு வகையாகவும் கூறுதல் மக்கள் இயல்பு. ஆங்கிலம் பேசுவோர் இதற்குக் கையாளும் வழிகள் யாவை, அவற்றைத் தமிழோடு ஒப்பிட்டால் விளங்குவன யாவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலைக்குச் செல்வோர் இருவகை அறிவிப்புகளைக் கேட்பர். ‘தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு மலைமீது மகாதீபம் ஏற்றப்படும்’ என்பது ஒன்று. ‘மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்பது மற்றொன்று. இரண்டும் எதிர்காலத்தைக் குறித்தனவே. ஆயினும், அவற்றின் இயல்பு வேறு. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சிக்குக் கொப்பரையையும் நெய்யையும் திரியையும் சுமந்து செல்ல ஆட்கள் இருக்கின்றனர். நாளும் நேரமும் முன்னரே குறிக்கப்பட்டுள்ளன. ஏற்றுவோர் ஏற்றுவதாக உறுதி பூண்டுள்ளனர். ஆகவே, ‘ஏற்றப்படும்’ என்பது ஒரு வாக்குறுதி. மழையோ எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. காற்றின் போக்கையும் கடலின் வெப்பத்தையும் கண்டறிந்தவர்கள் அதன் வரவைக் கணித்துக் கூறுகின்றனர். ஆகவே, ‘பெய்யக்கூடும்’ என்பது ஒரு கணிப்பு. எதிர்காலத்தைக் குறித்த பேச்செல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டில் அடங்கும். இவற்றை வேறு பிரித்தறிதலே எதிர்காலச் சொற்களை அறிவதற்கு முதற்படியாகும்.

தமிழ் வினைச்சொல்லில் காலம் காட்டும் இடைநிலைகள் உள்ளன. ‘வருவான்’, ‘படிப்பான்’ என்ற சொற்களில் வகரமும் பகரமும் எதிர்காலத்தைக் காட்டுகின்றன. ஆங்கில வினைக்கு இறந்த காலத்தைக் காட்டும் உருவம் உண்டு. எதிர்காலத்தைக் காட்டும் உருவம் இல்லை. அக்குறையைத் துணைவினைகள் நிரப்புகின்றன. அவற்றுள் தலையாயவை ‘வில்’, ‘ஷல்’ என்னும் இரண்டும் ஆகும். பழைய ஆங்கிலத்தில் ‘வில்’ என்பது விரும்புதலைக் குறித்தது. ‘ஷல்’ என்பது கடன்படுதலைக் குறித்தது. ‘நான் செல்ல விரும்புகிறேன்’ என்று சொல்லத் தொடங்கிய வழக்கு, நாளடைவில் ‘நான் செல்வேன்’ என்ற பொருளில் நிலைத்தது. ‘நான் செல்லக் கடவேன்’ என்ற வழக்கும் அவ்வாறே ஆயிற்று. விருப்பமும் கடமையும் ஆகிய மனிதப் பண்புகளிலிருந்தே ஆங்கிலத்தின் எதிர்காலம் பிறந்தது எனலாம்.

இதனால் விளைந்த சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் ‘வில்’ என்று சொல்லும்போது அவர் வாக்களிக்கிறாரா, முன்கூட்டிக் கணித்துச் சொல்கிறாரா என்ற ஐயம் எழுந்தது. ஆக்சுபோர்டில் கணிதப் பேராசிரியராக விளங்கிய சான் வாலிசு என்பார் 1653இல் ஆங்கிலத்திற்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். தன்மையில் ‘ஷல்’ வந்தால் வெறும் முன்னறிவிப்பு. ‘வில்’ வந்தால் வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இம்முறை தலைகீழாக மாறும். இவ்வாறு அவர் வகுத்துரைத்தார். பள்ளிகளில் நெடுங்காலம் இவ்விதி கற்பிக்கப்பட்டது. ஆனால், மக்கள் வழக்கு அவ்விதிக்கு முற்றிலும் அடங்கவில்லை. இக்காலத்தில் மூவிடத்தும் ‘வில்’ என்பதே பெருவழக்கு. ‘ஷல்’ என்பது சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் தங்கி, ‘கட்டாயம் செய்தல் வேண்டும்’ என்னும் ஆணைப்பொருளைத் தருகிறது.

‘வில்’ என்பது எதிர்காலத்தை மட்டுமே குறிக்கும் என்று கருதுதல் பொருந்தாது. கதவு தட்டப்படும் ஒலியைக் கேட்ட ஆங்கிலேயர், ‘அது அஞ்சற்காரராக இருக்கும்’ என்று சொல்ல ‘வில்’ என்னும் துணைவினையையே ஆளுவார். தட்டுபவர் அப்பொழுதே வாயிலில் நிற்கிறார். ஆயினும், காணாத ஒன்றைத் துணிந்து கூறுவதால் எதிர்காலச் சொல் வந்தது. தமிழிலும் ‘இருக்கும்’, ‘இருப்பார்’ என்று நாம் இவ்வாறே கூறுகிறோம். காணாத நிகழ்காலமும் வாராத எதிர்காலமும் அறிவுக்கு எட்டும் வகையில் ஒத்தவை ஆதலின், இருமொழியாரும் அவற்றுக்கு ஒரே சொல்லை அமைத்துக்கொண்டனர் போலும்.

உறுதி குறையக் குறைய ஆங்கிலத்தில் துணைவினையும் மாறுகிறது. மழை வருவது திண்ணம் எனில் ‘வில்’ என்பர். தடையேதும் இல்லாவிடில் நடக்கும் என்று எதிர்பார்த்தால் ‘ஷுட்’ என்பர். நடக்கலாம், நடவாதும் போகலாம் என்ற நிலையில் ‘மே’ என்பர். அதனினும் சற்றுத் தொலைவான வாய்ப்பை ‘மைட்’ என்றும் ‘குட்’ என்றும் சொல்லுவர். இவையன்றி, ‘நிச்சயமாக’, ‘பெரும்பாலும்’, ‘ஒருவேளை’ என்பன போன்ற சொற்களை உடன்சேர்த்து உறுதியைக் கூட்டவும் குறைக்கவும் செய்வர்.

கண்முன் உள்ள அறிகுறியைக்கொண்டு சொல்லும்போது வேறொரு முறை உண்டு. கருமேகம் திரண்டிருப்பதைப் பார்த்த ஒருவர், ‘கோயிங் டு’ என்னும் தொடரை அமைத்து ‘மழை வரப்போகிறது’ என்பார். ‘போகிறது’ என்னும் வினையே எதிர்காலத்தைக் காட்ட வருவதில் தமிழும் ஆங்கிலமும் ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. வண்டி புறப்படும் நேரம், கூட்டம் தொடங்கும் நேரம் போன்ற முன்னரே முடிவு செய்யப்பட்டவற்றை ஆங்கிலேயர் நிகழ்காலத்திலேயே கூறிவிடுவர். ‘நாளைக் காலை 8 மணிக்கு வண்டி புறப்படுகிறது’ என்றால் அதில் ஐயத்திற்கு இடமில்லை என்பது கருத்து. எதிர்காலத்தை நிகழ்காலமாகச் சொல்லும் அளவுக்கு அவர்களுக்கு அதில் உறுதி.

தமிழ் இலக்கணம் இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. எதிர்காலத்தை இறந்த காலமாகவே கூறலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் இடம் தருகின்றன. விரைவு, மிகுதி, தெளிவு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்பது விதி. இதனைக் கால வழுவமைதி என்பர். வெளியே காத்திருக்கும் நண்பனிடம் உள்ளிருந்தே ‘இதோ, வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுப்பது விரைவு பற்றி வந்தது. தெளிவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு மிக நயமானது. எறும்புகள் தம் முட்டைகளை எடுத்துக்கொண்டு மேட்டிடத்தில் ஏறுவதைக் கண்டவர், இனிமேல் பெய்யப்போகும் மழையை முன்னரே பெய்துவிட்டதாக இறந்த காலத்தாற் கூறுவர் என்பது அது. வானிலைக் கருவிகள் தோன்றாத காலத்தில் எறும்பே கருவியாயிற்று. அந்த அறிகுறியின்மேல் மக்கள் வைத்த உறுதி, வினைச்சொல்லின் காலத்தையே மாற்றிவிட்டது.

ஐயத்தைக் கூறவும் தமிழில் வழிகள் பல. ‘வருவாரோ’ என்பதில் ஓகாரம் ஐயத்தையும், ‘அவரே வருவார்’ என்பதில் ஏகாரம் தெளிவையும் காட்டுகின்றன. ‘வந்தே தீருவார்’ என்பதில் உறுதி முற்றுகிறது. ‘வந்தாலும் வருவார்’ என்பதில் அது நெகிழ்கிறது. ‘மழை பெய்யவும் கூடும்’ என்ற தொடரில் உள்ள உம்மையைக் கவனியுங்கள். பெய்யாமல் இருப்பதற்கும் இடமுண்டு என்பதை அந்தச் சிறு இடைச்சொல் உள்ளடக்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘மே’ என்பது செய்யும் வேலையைத் தமிழில் ‘லாம்’ என்னும் ஈறு செய்கிறது. இரண்டுக்கும் இரண்டு பொருள் உண்டு என்பது வியப்பானது. ‘நீங்கள் உள்ளே வரலாம்’ என்றால் இசைவு. ‘மழை வரலாம்’ என்றால் வாய்ப்பு.

இத்தகைய சிறு சொல் ஒன்று நாட்டின் பெருவினாவாக எழுந்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. இந்திய அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒன்றிய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடர்வதாக இருந்தது. அக்கெடு 1965இல் முடியும். அதன்பின் என்ன ஆகும் என்ற கவலை இந்தி பேசாத மக்களுக்கு எழுந்தது. 1963இல் அலுவல் மொழிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கெடு முடிந்த பின்னரும் ஆங்கிலம் இந்தியுடன் தொடர்ந்து பயன்படுத்தப்படுதல் பற்றி அதில் கூறப்பட்டது. அங்கு அமைந்த துணைவினை ‘மே’ என்பதாகும்.

‘தொடரலாம்’ என்றால் தொடராமலும் இருக்கலாம் அன்றோ? மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அறிஞர் அண்ணா இவ்வினாவை அங்கு எழுப்பினார். ‘மே’ என்னும் சொல்லை நீக்கி ‘ஷல்’ என்னும் சொல்லை இட வேண்டும் என்பது அவர் வாதம். ‘மே’ என்பது இவ்விடத்தில் ‘ஷல்’ என்ற பொருளையே தரும் என்று தலைமை அமைச்சர் நேரு விளக்கினார். பொருள் ஒன்றே எனில் அந்தச் சொல்லையே இடுவதில் தடை யாது என்பது எதிர்வினா. சொல் மாறவில்லை, சட்டம் நிறைவேறியது. நேரு 1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மறைந்தார். வாக்களித்தவர் மறைந்த பின்னும் சட்டத்தின் சொல் மட்டும் நின்றது. 1965இல் தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. உயிர்கள் பல மாய்ந்தன. பின்னர் 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை அலுவல் மொழியாக ஏற்காத மாநிலத்திற்கும் ஒன்றிய அரசிற்கும் இடையேயான கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் கட்டாயமாகப் பயன்படுத்தப்படும் என்பதற்கு ‘ஷல்’ என்னும் சொல்லே வைக்கப்பட்டது. அத்தகைய மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றும் வரையில் இவ்விதிகள் நீடிக்கும் என்றும் எழுதப்பட்டது. வாக்குறுதியைப் பெறுவோர் அதனை உறுதிச் சொல்லால் பெறுதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

வாக்குறுதிக்கு உறுதிச் சொல் வேண்டும். கணிப்புக்கோ அளவான சொல் வேண்டும். கணிப்பவர் தாம் அறிந்ததற்கு மேல் உறுதி கூறினால் அது பொய்யாகும். இந்திய வானிலைத் துறை 1875இல் நிறுவப்பெற்றது. அதன் ஆங்கில அறிக்கைகளில் ‘லைக்லி’ என்னும் சொல் அடிக்கடி வரும். அச்சொல்லுக்கும் அதன் இனமான சொற்களுக்கும் அத்துறை எண்ணால் அளவு வகுத்துள்ளது. 25 விழுக்காட்டுக்குக் குறைவான வாய்ப்பு ‘அன்லைக்லி’. 25 முதல் 50 விழுக்காடு வரை ‘லைக்லி’. 50 முதல் 75 வரை ‘வெரி லைக்லி’. 75க்கு மேல் ‘மோஸ்ட் லைக்லி’. இடங்களைக் குறிக்கும் சொற்களும் அவ்வாறே. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் மழை சிறிதாக இருக்கும் என்று பொருளன்று. அப்பகுதியில் மழையளக்கும் நிலையங்களுள் நான்கில் ஒரு பங்கு வரையிலானவற்றில் மழை பதிவாகும் என்பதே பொருள். பெய்யும் அந்த ஓரிடத்தில் அது பெருமழையாகவும் இருக்கலாம்.

உலகின் தட்பவெப்ப மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுகளின் குழு ஒன்று 1988இல் அமைக்கப்பட்டது. அக்குழுவின் அறிக்கைகளிலும் ‘லைக்லி’ என்னும் சொல் உண்டு. ஆனால், அங்கு அது 66 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாய்ப்பைக் குறிக்கும். ‘வெரி லைக்லி’ என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல். சொல் ஒன்று, அவைதோறும் அதன் எடை வேறு. ஆகவே, ஐயச்சொல்லைக் கேட்பவர் ‘எந்த அளவுகோலால் சொல்லப்பட்டது?’ என்று வினவுதல் அறிவுடைமையாகும்.

இனி, இச்சொற்கள் உயிர் காக்கும் சொற்களாக நிற்பதற்குத் திருவண்ணாமலையே சான்று தருகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றியது. அது புயலாகக்கூடும் என்று முதலில் கணிக்கப்பட்டது. பின்னர், வலுக்குறைந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கக்கூடும் என்று கணிப்பு மாறியது. ஆனால், 29ஆம் நாள் அது புயலாக வலுப்பெற்று, ‘ஃபெஞ்சல்’ என்று பெயர் பெற்றது. 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து அகலாமல் பல மணி நேரம் அப்பகுதியிலேயே நிலைகொண்டது. கரையோரத்தில் மட்டுமன்றி உள்நாட்டு மாவட்டங்களிலும் பெருமழை கொட்டியது. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. அதனுள் இருந்த ஏழுபேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

மழை எவ்வளவு பெய்யக்கூடும் என்று கணிக்கக் கலைகள் வளர்ந்துள்ளன. ஆனால், எந்தச் சரிவு எந்த நாழிகையில் இறங்கும் என்பதை வரையறுத்துக் கூறுதல் அரிது. அங்கு ‘வில்’ என்னும் சொல்லுக்கு இடமில்லை. ‘மே’ என்பதே பேசும். அந்த நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13ஆம் நாள், கார்த்திகைத் தீபம் அமைந்திருந்தது. மலையேறி உச்சியில் தீபத்தை வழிபடுதல் அடியார் பலரின் விருப்பம். மலையின் நிலையை வல்லுநர் குழு ஆராய்ந்தது. நனைந்த மண் மீண்டும் சரியலாம் என்ற நிலையில், பொதுமக்கள் மலையேற அவ்வாண்டு இசைவு வழங்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்லும் பணியாளர்கள் மட்டும் மேலே சென்றனர். குறித்தபடி தீபம் ஏற்றப்பட்டது. மக்கள் கீழிருந்தே கைகூப்பித் தொழுதனர்.

இங்கே இரண்டு ‘லாம்’கள் எதிரெதிர் நின்றதைக் காணலாம். ‘மண் சரியலாம்’ என்பது வாய்ப்பு. ‘மக்கள் ஏறலாம்’ என்பது இசைவு. முதலாவது நிற்கும் வரையில் இரண்டாவதற்கு இடம் தருதல் தகாது என்று முடிவு செய்யப்பட்டது. அவ்வாறு முடிவு செய்வதற்கு, மண் சரிந்தே தீரும் என்ற உறுதி தேவைப்படவில்லை. வாய்ப்பு சிறிதாயினும் வரும் கேடு பெரிதாயின், காப்பும் பெரிதாக இருத்தல் வேண்டும். மழை வரலாம் என்று கேட்டுக் குடை எடுத்துச் சென்றவன், மழை வாராவிடினும் இழப்பது ஒன்றுமில்லை. சரியக்கூடும் என்று கேட்டும் சரிவின் கீழே தங்கியவனுக்கோ திருத்திக்கொள்ள மறுநாள் இல்லாமற் போகலாம்.

எச்சரிக்கைகளைக் கேட்போரிடம் இருவகைக் குறைகள் காணப்படுகின்றன. ‘கூடும்’ என்பதைக் ‘கட்டாயம்’ என்று கேட்டு, மழை வாராதபோது கணித்தவரை இகழ்வது ஒன்று. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கூறப்பட்டது நான்கில் மூன்று முறை நடவாதிருத்தலே இயல்பு. அதனால் கணிப்பு பொய்த்தது என்று கூற இயலாது. ‘கூடும்’ என்பதை ‘இல்லை’ என்று கேட்டு வாளா இருப்பது மற்றொன்று. முன்னையது பின்னையதை வளர்க்கிறது. இருமுறை வாராத மழையைக்கண்டு எள்ளியவர், மூன்றாம் முறை வரும் எச்சரிக்கையைச் செவியில் ஏற்பதில்லை.

ஆங்கிலம் கற்கும் மாணவர் ‘வில்’ என்றால் எதிர்காலம், ‘மே’ என்றால் ‘லாம்’ என்று மனப்பாடம் செய்வதோடு அமைதல் ஆகாது. சொல்பவர் வாக்களிக்கிறாரா, கணிக்கிறாரா, ஆணையிடுகிறாரா, இசைவு தருகிறாரா என்பதை ஆராய்தல் வேண்டும். தாம் பேசும்போதும் எழுதும்போதும் தம் அறிவின் அளவுக்கு ஏற்ற சொல்லையே தேர்தல் வேண்டும். செய்வதாக உறுதி பூண்ட செயலை ‘பார்க்கலாம்’ என்று நெகிழ்த்திச் சொல்லுதல் கடமைக்கு அழகன்று. அறியாத ஒன்றை ‘நடந்தே தீரும்’ என்று முழங்குதல் அறிவுக்கு அழகன்று. வாக்கில் உறுதியும் கணிப்பில் அடக்கமும் உடையவர் சொல்லையே உலகம் நம்பி நடக்கும்.

பயிற்சி

1. ‘ஏற்றப்படும்’, ‘பெய்யக்கூடும்’ என்னும் இரண்டு சொற்களின் பொருள் வேறுபாட்டை விளக்குக.
2. எதிர்காலத்தை இறந்த காலத்தாற் கூறுதல் எவ்விடங்களில் பொருந்தும்? உம் பேச்சு வழக்கிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
3. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘மே’ என்னும் சொல்லைக் குறித்து எழுந்த வாதத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
4. ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்னும் அறிவிப்பைக் கேட்டால், மலையடிவாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தார் செய்யத்தக்கன யாவை?
5. ‘லாம்’ என்னும் ஈறு இசைவுப் பொருளிலும் வாய்ப்புப் பொருளிலும் வருமாறு மும்மூன்று தொடர்கள் அமைக்க.